நடு ஹாலில் சோபா

ஆஸ்பத்திரியிலிருந்து மாமா வீடு திரும்பிய அன்று எங்கள் சோபா வாசல் போர்ச்சில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. நீலக் கேன்வாஸ் போர்த்தி, நைலான் கயிற்றால் இடுப்பில் ஒரு கட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் பருத்த ஆள் ஒருவர் மழைக்கு ஒதுங்கி நிற்பதுபோல இருக்கும். காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்த மாமா, மறுகாலை எடுக்காமல் அந்தப் பருத்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். ‘இருந்தாராம்’ என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்த நேரத்தில் நான் வீட்டுக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்ததுதான். எங்கே, எந்தக் கோலத்தில் தூங்கினேன் என்பதை நினைத்தால் இன்றும் காது மடல் சூடாகிறது. அதற்குமுன் அந்த சோபா எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா என் மனைவியின் அப்பா. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். அத்தை தவறிய பிறகு, ஜாசினிலேயே பெரிய வீடு கட்டியிருந்த மகனோடு தங்காமல், பாச்சாங்கில் எங்கள் ஒற்றைமாடி வரிசை வீட்டுக்கு ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தார். ஜாசினில் எவனைப் பார்த்தாலும் லோரி எங்கே என்று கேட்கிறான், அது எனக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் வெளியே சொன்ன காரணம். மகளிடம் சொன்னது வேறு. “பாப்பா, இனிமே என்னை எங்கயும் மாத்தாத. இதான் கடைசி ஸ்டாப்பு.” அவள் அன்றைக்கு அழுததும் சிரித்ததும் ஒன்றாகவே நடந்தது. நான் பக்கத்தில் நின்று, “டிக்கெட் எடுத்தாச்சா மாமா?” என்று கேட்டேன். எனக்கு அப்படித்தான் வரும். பகலில் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடையில் வேலை; வார இறுதிகளில் கல்யாண விருந்துகளில் மைக் பிடிப்பேன். மாப்பிள்ளை வர நேரமானால், கேக் சரிந்தால், யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால், கூட்டத்தைச் சிரிக்கவைத்துச் சமாளிப்பது என் தொழில். சொந்த வீட்டில் அந்தத் தொழில் செல்லுபடியாகாது என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு சோபா தேவைப்பட்டது.

ஆங்கில ‘எல்’ எழுத்துப்போல மடங்கிய எல் சோபா எனக்கு நெடுநாள் ஆசை. கடையில் அதைப் பார்த்தபோது கைக்குட்டைபோல அடக்கமாக இருந்தது. கடையோ ஊர்த்திடல் அளவு. வீட்டு வாசலில் இறக்கியபோதுதான் அதன் உண்மையான உடம்பு தெரிந்தது. கொண்டுவந்த ஆட்கள் கதவைப் பார்த்தார்கள், சோபாவைப் பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். அப்போது மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். “எல்லாரும் முன்னாலயே இழுத்தா எப்படி? கோஸ்தான் விடுங்க. கோஸ்தான், கோஸ்தான்… ரைட்ல ஒடிங்க… போதும், செவுரு கோவிச்சுக்கப் போவுது.” லோரியைப் பின்னுக்கு எடுக்கும்போது அவர் கேட்டுப் பழகிய அதே குரலில், சோபாவைப் பின்பக்கமாகவே உள்ளே விட்டார். உள்ளே வந்தபின் இன்னொரு சிக்கல். எல் என்றால் இடக்கை எல், வலக்கை எல் என்று இரண்டு சாதி உண்டாம். கடைக்காரர் எது வேண்டும் என்று கேட்டார். எதுவானாலும் சரி என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன். வந்தது தப்பான கை. கால் நீட்டும் பாகத்தில் சாய்ந்தால் பாதம் இரண்டும் நேராகச் சாமி மேடையைப் பார்த்தன.

“முருகனுக்கு நேரா காலை நீட்டிக்கிட்டு டி.வி. பாக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி. திருப்பிப் போட்டோம். கால் தப்பித்தது, சமையலறைக்குப் போகும் வழி பாதி அடைபட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தோம். “இது சோபாவா, ரோட்புளோக்கா?” என்று அவள் தினமும் ஒருமுறை கேட்பாள். மாமாவுக்கு மட்டும் அதில் குறையே இல்லை. எல்லின் குட்டைக் கை ஜன்னலை ஒட்டி அமைந்துவிட்டது. அதில் உட்கார்ந்து, வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, கம்பிக்கு வெளியே விரல்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, சாலையைப் பார்ப்பார். முன்னால் கண்ணாடியும் ஸ்டியரிங்கும்தான் இல்லை. யாராவது முன்வீட்டில் கார் நிறுத்தத் தடுமாறினால் இவர் கால் தானாகத் தரையை அழுத்தும்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய், அப்புறம் முகமூடி. ஒரு காலையில் இளம் டாக்டர் எங்களை வார்டுக்கு வெளியே அழைத்து, பார்க்கவேண்டிய சொந்தக்காரர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். மனைவி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஜாசினிலிருந்து வந்திருந்த அவள் அண்ணன், என் மச்சான், சுவரைப் பிடித்துக்கொண்டான். எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? என்னை மகனைப்போல நடத்திய மனிதர் போகப்போகிறார் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கு சோபா தோன்றியது.

எங்கள் வழக்கத்தில் போனவரை ஹாலில்தான் கிடத்துவோம். தெற்கே தலை. சுற்றிவர இடம் வேண்டும், பெண்கள் பாய் விரித்து உட்கார இடம் வேண்டும், மாலை கொண்டுவருகிறவர் குனிந்து நிமிர இடம் வேண்டும். எங்கள் ஹாலில் தெற்கே தலை வைத்திருந்தது சோபா. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. எங்கள் வரிசையிலேயே ஒரு வீட்டில் சாவு நடந்தபோது, உள்ளே சாமான் நெருக்கடி தாங்காமல் பெரியவரைப் போர்ச்சில் கிடத்தினார்கள். மறுநாள் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்துக்கொண்டு, “மனுசன் டி.வி.க்கு எடம் வச்சாரு, தனக்கு வச்சிக்கல” என்று ஒருவன் சொன்னான். கடையே சிரித்தது. அந்த நகைச்சுவை பாச்சாங் முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தது. சொன்னவன் நான். இப்போது அது என் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்துகொண்டிருப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். எல்லின் இரண்டு பாகங்களையும் அடியில் ஓர் இரும்புக் கொக்கி கோத்திருக்கும். அதை எப்படிக் கழற்றுவது என்று பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்தோம். கொக்கி வளைந்துகொண்டு விட்டுக்கொடுத்தது. வாசல்வரை வந்தபின்தான் அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

“எப்ப தம்பி?”

“இன்னும் இல்லண்ணே.”

அவர் தம் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டார். “இன்னும் இல்லாத ஆளுக்கு இப்பவே ஏன்டா?”

“அப்புறம் அவசரமாயிடும்ணே.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காததுபோல இருந்தேன். நீ மைக் பிடிக்கிற ஆளு, நாங்க என்னத்தலா சொல்றது என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி தூக்கினார். போர்ச்சில் நிறுத்திக் கேன்வாஸ் போர்த்தினோம். அவர் போன பிறகு இன்னொன்று செய்தேன். அவர் இருந்திருந்தால் கையைப் பிடித்திருப்பார். கோயிலுக்குப் போய்ப் பாய்களை இரவல் வாங்கிவந்து, சுருட்டி மூலையில் சாத்தினேன். பிறகு அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து, சாவு விழுந்த வீட்டில் செய்வதுபோல, சாமி மேடையை மூடினேன். மூடிவிட்டு ஹாலை ஒரு பார்வை பார்த்தேன். நல்ல விசாலம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் கணத்தைத்தான் என்னால் இன்றுவரை எங்கேயும் கொண்டுபோய் வைக்கமுடியவில்லை.

மாமா யாரிடமும் சொல்லாமல் தேற ஆரம்பித்தார். முதலில் முகமூடி போனது. பிறகு கஞ்சி. பிறகு, இந்தக் கஞ்சியை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டலாம் என்றார். எனக்குச் சந்தோஷம்தான்; நம்பவேண்டும். ஆனால் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து அந்த சோபாவைப் பார்க்கும்போது உள்ளே கொண்டுபோகக் கை வரவில்லை. கொக்கி வளைந்திருக்கிறது என்பது ஒரு சாக்கு. உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ‘இதோ, ஆபத்து முடிந்தது’ என்று நாமே அறிவித்தால் விதிக்கு ரோஷம் வந்துவிடும் என்பது நிஜக் காரணம். மனைவி வார்டிலேயே தங்கியிருந்தாள். மச்சான் ஜாசினிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வருவான். வீட்டை யாரும் பார்க்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வேட்டியையாவது எடுத்திருக்கலாம். அதைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மதியம் டாக்டர் திடீரென்று வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். மனைவி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என் கைப்பேசி சமையலறையில் சார்ஜில் கிடந்தது. நான் அரைநாள் விடுப்பில் வந்து, உட்கார சோபா இல்லாததால் ஹால் நடுவில் வெறும் தரையில் படுத்திருந்தேன். மேலே சுழலும் காற்றாடிக்கு நேராக இருக்கட்டும் என்று தெற்கே தலை. கை இரண்டும் நெஞ்சின்மேல். பல நாள் அலைச்சல், நல்ல உறக்கம்.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது மாமாவின் செருப்பு. பிறகு சாரம். பிறகு மகன் தோளைப் பிடித்திருந்த கை. அவர் என்னைப் பார்த்தார். காலியான ஹாலைப் பார்த்தார். மூலையில் நின்ற பாய்களைப் பார்த்தார். கடைசியாகச் சாமி மேடையைப் பார்த்தார். அங்கே பார்வை கொஞ்ச நேரம் நின்றது. சோபா வெளியே நிற்பதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். வெள்ளை வேட்டிக்கு ஒரே காரணம்தான்.

“என்ன மாப்பிள்ள,” என்றார், “துண்டு போட்டு எடம் புடிச்சி வச்சிருக்கீங்களா?”

மச்சானுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடித்தவன், எழுந்து உட்கார்ந்து, சொன்ன பதில் இது: “ஒட்டடை அடிச்சேன் மாமா.”

“சாமிக்குமா?”

மனைவி என்னைக் கடந்து போனாள், பக்கவாட்டில் நடக்கவேண்டிய தேவையே இல்லாமல், நேராக. வேட்டியை இழுத்தாள். நிதானமாக மடித்தாள். என் கையில் வைத்தாள். “இத உள்ள வைங்க. தேவப்படும்போது நானே கேக்கறேன்.” அவள் கத்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்திருப்பேன்.

அன்று மாலையே சோபா உள்ளே வந்தது. எதிர்வீட்டு அண்ணன் வந்து தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வளைந்த கொக்கி மாட்டவில்லை. இரண்டு பாகங்களையும் சேர்த்து நெருக்கி வைத்தேன். மாமா தம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் குட்டைக் கை வழுவழுத் தரையில் கிரீச்சென்று தனியாக நகர்ந்தது. “பிரேக் போச்சு,” என்று சொல்லி எழுந்துகொண்டார். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தேன், ரப்பர் வைத்தேன், செங்கல்கூட வைத்துப் பார்த்தேன். அவர் அதற்குப் பிறகு அதில் உட்காரவில்லை. போர்ச்சில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். குடித்த கோப்பையைத் தாமே கழுவிக் கவிழ்த்தார். துவைத்த சட்டைகளை அலமாரியில் வைக்காமல் பையிலேயே மடித்து வைத்தார். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடுதான் செய்தார். பஸ் வரும் நேரம் தெரியாத பயணியைப்போல வீட்டில் இலேசாக இருந்தார்.

அதைவிட மோசமானது என் கண். அவர் இருமினால் நான் திரும்பிப் பார்ப்பேன். திரும்பக் கூடாது என்று கழுத்துக்குச் சொல்லி வைத்திருப்பேன், கழுத்து கேட்காது. மதியத்தில் கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டால் கதவோரம் போய் நிற்பேன். அவர் கண்ணைத் திறக்காமலே, “இருக்கேன் மாப்பிள்ள,” என்பார். அதில் கோபம் இல்லை. கேட்டவருக்குத் தகவல் சொல்லும் குரல்.

ஒருநாள் மகனை வரச் சொன்னார். பை தயாராக இருந்தது. மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “கடைசி ஸ்டாப்புன்னு சொன்னீங்களேப்பா.”

“ஜாசின்ல ஹாலு பெருசும்மா,” என்றார் மாமா. “நாலு பேரு வந்து போக வசதி. உங்க வீட்டுக்காரருக்கும் தொந்தரவு இல்ல.” என் தோளை இரண்டு முறை தட்டிவிட்டுக் காரில் ஏறினார். நான் ஒரு நகைச்சுவையைத் தேடிக்கொண்டிருந்தேன். கார் மூலை திரும்பும்வரை கிடைக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஜாசினுக்குப் போனேன். கடலோரம் செர்காமுக்குச் சுற்றிப் போய், அவருக்குப் பிடித்த சுட்ட மீனை லஞ்சமாக வாங்கிக்கொண்டு போவேன். மீனை ஏற்றுக்கொள்வார். வீட்டுக்கு வாங்க என்றால், பாப்போம் என்பார். இடம் போதவில்லை என்பதுதானே அவர் சொன்ன காரணம் என்று என் மரமண்டைக்குப் பட்டது. சோபாவை இழுத்துச் சுவரோடு ஒட்டினேன். டி.வி. மேசையை அறைக்குள் தள்ளினேன். புதிய கொக்கியும் போட்டாயிற்று. ஹால் பளிச்சென்று ஆனது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பெருமையாகக் காட்டினேன். “பாருங்க மாமா, இப்ப எவ்ளோ எடம்.”

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் படத்தின் நடுவைத் தொட்டார்.

“நடுவுல எதுக்கு மாப்பிள்ள இவ்ளோ எடம்?”

ஜாசினிலிருந்து பாச்சாங் வரும்வரை காரில் வானொலிகூடப் போடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அப்படியே சொன்னேன். பல வாரங்களாக என்னோடு உப்புப் புளிக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், எழுந்து சோபாவின் ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். நடு ஹாலுக்கு இழுத்தோம். குட்டைக் கை ஜன்னலைத் தொடவேண்டும் என்றாள். நெட்டைக் கை ஹாலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. முதுகு சாமி மேடையைப் பார்த்தது. முதுகு காட்டலாம், கால்தான் காட்டக் கூடாது என்று அவளே தீர்ப்பும் சொன்னாள். பிறகு ஒரு பாயை எடுத்துவந்து ஒவ்வொரு பக்கமாக விரித்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் முழுதாக விரியவில்லை. பாதியில் சோபா இடித்தது, அல்லது சுவர் இடித்தது. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, “இப்ப எடுங்க படத்த,” என்றாள். அந்த வீட்டில் இனி யாரையும் நெடுக்காகக் கிடத்த முடியாது. உட்கார மட்டும்தான் முடியும்.

அடுத்த ஞாயிறு படத்தைக் காட்டினேன். மாமா படத்தை விரலால் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தார்.

“இதுல எப்படி நடப்பீங்க?”

“சைடாத்தான் மாமா. பழகிப்போச்சு.”

“வெளக்கேத்த?”

“உங்க மக ஏறிக் குதிச்சிப் போவா.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து, சிரிப்பு இருமலாகி, நீண்டது. நான் எதிரில் இருந்த நாட்காட்டியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரைப் பார்க்கவில்லை. இருமல் நின்றது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. “சரி, தீவாளி முடியட்டும். வரேன்,” என்றார்.

தீபாவளிக்கு முன்பே போய்விட்டார். ஜாசினில், மகன் வீட்டில், மதியத் தூக்கத்தில். மச்சான் வீட்டு ஹாலில் எதையும் நகர்த்தவேண்டியிருக்கவில்லை. தெற்கே தலை, சுற்றிவர இடம், பெண்கள் உட்கார இடம், வந்தவர் குனிந்து நிமிர இடம், எல்லாம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் என் காதோரம், “நல்ல வேள, பெரிய ஹாலு,” என்றார். தலையாட்டினேன். உண்மையிலேயே வருவதாக இருந்தாரா, அல்லது எனக்காகச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. பை தயாராக மடித்து வைத்திருந்தார் என்கிறான் மச்சான். அவர் பை எப்போதும் தயாராகத்தான் இருந்தது என்கிறாள் என் மனைவி. இருவர் சொல்வதும் உண்மை. எனக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம், இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

சோபா இன்றும் நடு ஹாலில்தான் குறுக்கே கிடக்கிறது. வருகிறவர்கள் முட்டியில் இடித்துக்கொள்கிறார்கள். போன வாரம் வந்த, கடையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர், முட்டியைத் தேய்த்துக்கொண்டே, “செவுத்தோட தள்ளிப் போட்டா நல்லா எடம் கெடைக்கும்லா,” என்றார். அளவுகூடச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சமையலறைப் பக்கம் நின்று, சோபாவின் முதுகுக்கு மேலே கையை நீட்டித் தேநீரைக் கொடுத்தாள்.

“எடம் எதுக்குண்ணே?” என்றாள். “உக்காருங்க.”